உயில் எழுதியாச்சு சரி, செக்கில் யார் கையெழுத்துப் போடுவது?

தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது சென்னை கோடவுன் தெருவிலிருந்து ஒரு போன். மொத்த ஜவுளி வியாபாரம் செய்கிற குடும்பம், ஆடிட்டரான எனக்குப் பழைய கிளையன்ட். (யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பேசியவர் மூத்த மகன். "அப்பாவுக்கு ஸ்ட்ரோக் சார், ஐசியூவில் இருக்கார். ஈரோடு, சூரத் பார்ட்டிகளுக்குச் செக் போகணும். பசங்களுக்குப் போனஸ் கொடுக்கணும். என்ன பண்றது?"

மகனுக்கு 44 வயது. 18 வருஷமாகக் கடையில் இருக்கிறார். எந்த ஊர்க் கடைக்காரர் எத்தனை நாளில் பணம் தருவார் என்பது அவருக்கு மனப்பாடம். ஆனால் ஒரு செக்கில் கையெழுத்துப் போடும் அதிகாரம் கிடையாது. கடை அப்பா பெயரில், தனிநபர் நிறுவனம். நெட்பேங்கிங் ஓடிபி வருவதும் அப்பாவின் போனுக்குத்தான். மயக்கத்தில் இருக்கிறவரின் விரலை வைத்துப் போனைத் திறந்துவிடலாமா என்றுகூட ஒருவர் யோசனை சொன்னாராம். அந்தப் பக்கமே போகாதீர்கள் என்றேன்.

"உயில் எழுதி ரிஜிஸ்டர் பண்ணி வெச்சிருக்கார் சார்" என்றார், அது போதும் என்கிற குரலில். உயில் பேச ஆரம்பிப்பது ஆள் போன பிறகு. இவர் உயிரோடு இருக்கிறார்.

அடுத்து எல்லோரும் கேட்பது பவர் பத்திரம். 1872 ஒப்பந்தச் சட்டம் 201-ஆம் பிரிவின்படி, பவர் கொடுத்தவர் இறந்தாலோ சித்த சுவாதீனம் இழந்தாலோ அந்த அதிகாரமும் முடிந்துபோகிறது. எந்த நாளுக்காக எழுதி வாங்கினோமோ அந்த நாளில் அது கை கொடுக்காது. நினைவே திரும்பாத நிலை என்றால் உயர்நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். கோமாவில் இருந்த கணவரின் சொத்தை விற்க மனைவியைப் பாதுகாவலராக 2024-ல் சென்னை உயர்நீதிமன்றம் நியமித்தது. வழி இருக்கிறது, ஆனால் தீபாவளிக்குள் நடக்கிற வழி இல்லை.

எங்கள் அதிர்ஷ்டம், ஐந்தாம் நாள் பெரியவருக்கு நினைவு தெளிந்தது. வலது கை அசையவில்லை. வங்கி அதிகாரி ஒருவர் மருத்துவமனைக்கே வந்து, தன் முன்னிலையிலும் இன்னொரு சாட்சி முன்னிலையிலும் செக்கில் பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டார். ரிசர்வ் வங்கி விதியில் இதற்கு இடம் உண்டு, பல கிளைகளில் நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

அவர் தவறியிருந்தால்? தனிநபர் நிறுவனத்தின் ஜிஎஸ்டி பதிவு அவருடைய பான் எண்ணோடு கட்டப்பட்டது. வாரிசு புதுப் பதிவு எடுத்து, பழைய பதிவில் மிச்சமிருக்கும் உள்ளீட்டு வரி வரவை (சரக்கு வாங்கும்போது கட்டி, இன்னும் கழித்துக்கொள்ளாத வரி) ஐடிசி-02 படிவத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். கூட்டு நிறுவனம் என்றாலும் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் ஒரு பங்குதாரர் இறந்ததும் நிறுவனம் கலைந்துவிடும், 1932 கூட்டாண்மைச் சட்டம் அப்படி. இருப்பதே இரண்டு பேர் என்றால் என்ன எழுதியிருந்தும் பயனில்லை. ஒற்றை ஆளோடு கூட்டு ஏது?

தை மாதம் குடும்பமே என் அறைக்கு வந்தது. இனி மகனையும் பங்குதாரராகச் சேர்த்துவிடலாம் என்று பேச்சு. கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த மகளும் வந்திருந்தார். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அண்ணனுக்கு மாசம் எவ்வளவுப்பா சம்பளம் போடுறீங்க?"

பெரியவர் என்னைப் பார்த்தார். சம்பளம் என்று ஒன்று கிடையவே கிடையாது. வேண்டியபோது கல்லாவில் எடுத்துக்கொள்வார். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் கார் தவணையும் சொந்தச் செலவுக் கணக்கில் ஏறும்.

லெட்ஜரைத் திருப்பி வைத்து ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்த வருஷ லாபம் 18 லட்சம். கடை சொந்தக் கட்டடம், வாடகை எழுதுவதில்லை. அந்தத் தெருவில் அந்த அளவுக் கடைக்கு மாதம் 70,000 என்று வைத்தாலும் வருஷத்துக்கு 8.4 லட்சம். மகன் செய்கிற வேலைக்கு வெளியாள் ஒரு மேனேஜரைப் போட்டால் மாதம் 60,000, அது 7.2 லட்சம். இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது 2.4 லட்சம். வியாபாரம் சம்பாதித்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் கட்டடமும் மகனும் சம்பாதித்தவை. பத்து வருஷமாகக் 'கடை நன்றாகப் போகிறது' என்று இவர்கள் மட்டுமல்ல, வருஷா வருஷம் கையெழுத்துப் போட்ட நானும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாகப் பிரச்சினையின் வேரும் இங்கேதான். உயில் இல்லாமல் ஓர் இந்து ஆண் இறந்தால் தாய், மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. 'பொண்ணுக்குத்தான் சீர் செஞ்சாச்சே' என்பது சட்டத்தில் எந்தப் பத்தியிலும் இல்லை. தமிழ்நாட்டில் 1989-லேயே பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை வந்துவிட்டது, அதற்கு முன்பே திருமணமாகியிருந்த பெண்களுக்கு மட்டும் கிடையாது. 2005 மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டையும் நீக்கியது. மகள் தன் பங்கைக் கேட்டால் அது நியாயம். 18 வருஷம் உழைத்தேனே என்று மகன் சொன்னால் அதுவும் நியாயம். மாதாமாதம் சம்பளம் வாங்கியிருந்தால் உழைப்பின் விலை அன்றைக்கன்றே தீர்ந்திருக்கும், பாகம் பிரிக்கும் நாளில் அதைப் பேச வேண்டியிருந்திருக்காது.

அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் இடங்களில் இந்தச் சொந்தச் செலவுக் கணக்கைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஒருவர் எடுத்த தொகையை ஒட்டி இன்னொருவர், தேவை இல்லாமலே, அதே அளவு எடுக்க ஆரம்பித்தால் வீட்டில் பேச்சுவார்த்தை குறைந்துவிட்டது என்று அர்த்தம். வக்கீல் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால் லெட்ஜரில் தெரிந்துவிடும்.

கடைசியில் பெரியவர், மகன், பெரியவரின் மனைவி என மூவர் பங்குதாரர்கள். மகனுக்கு மாதச் சம்பளம், கட்டடத்துக்கு வாடகை. வாடகைதாரர் யார், வாடகை எவ்வளவு என்று எழுதியதில் மகளுக்கும் ஒரு நகல். புது பான், புது ஜிஎஸ்டி எண், வங்கியில் அப்பா, மகன் இருவரில் யாராவது ஒருவர் கையெழுத்து. அந்த வரியைப் படிக்கும்போது மட்டும் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

மகன் இப்போது செக்கில் கையெழுத்துப் போடுகிறார். ஆனால் இரவு ஒன்பதரைக்குக் கல்லாக் கணக்கைப் போட்டோ எடுத்து அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். பத்து நிமிஷம் தாமதமானால் போன் வந்துவிடுகிறதாம்.