உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை: கிணற்று மோட்டார் ஏன் எரிகிறது?

காயில் (கம்பிச் சுருள்) எரிந்த த்ரீ ஃபேஸ் மோட்டார் ரிவைண்டிங்குக்கு, அதாவது புதுக் கம்பி சுற்ற, வந்தால், பழைய கம்பி தரமில்லை என்றுதான் முதலில் சொல்வார்கள். பிரித்துப் பாருங்கள். ஸ்டார் இணைப்பில் (மூன்று சுருள்களின் ஒரு முனையும் ஒரே புள்ளியில் சேரும்) இரண்டு ஃபேஸின் சுருள்கள் கருகி ஒன்று மட்டும் பளபளப்பாக இருந்தாலோ, டெல்டாவில் (மூன்றும் முக்கோணமாக இணையும்) ஒன்று கருகி இரண்டு நன்றாக இருந்தாலோ, கம்பியைக் குறை சொல்ல வேண்டாம். ஒரு ஃபேஸ் போன பிறகும் மோட்டாருக்குக் கரண்ட் போயிருக்கிறது.

காந்தப்புலத்துக்குக் குறுக்கே இருக்கும் கம்பியில் மின்னோட்டம் போனால் கம்பி தள்ளப்படும். புலத்தின் வலிமை, மின்னோட்டம், கம்பியின் நீளம் மூன்றையும் பெருக்கினால் அந்த விசை. மோட்டாரில் மூன்று ஃபேஸும் சேர்ந்து சுழலும் புலத்தை உண்டாக்குகின்றன. இரு துருவ சப்மெர்சிபிளில் (நீருக்குள் மூழ்கி ஓடும் மோட்டார்) அது நிமிடத்துக்கு 3000 சுற்று. அந்தப் புலமே ரோட்டர் (உள்ளே சுழலும் பகுதி) கம்பிகளில் மின்னோட்டத்தைத் தூண்டி, அதே கம்பிகளைத் தள்ளவும் செய்கிறது.

ஒரு ஃபேஸ் இல்லையென்றால் புலம் சுழலாது, முன்னும் பின்னும் துடிக்கும். நிற்கும் ரோட்டரை இரு திசையிலும் சமமாக இழுப்பதால் தண்டு அசையாது. உறுமல் மட்டும் வரும். அப்போது முழுச்சுமை மின்னோட்டத்தைப் போல் சுமார் ஐந்து மடங்கு பாயும். உறுமல் கேட்டவுடன் ஆஃப் செய்யுங்கள். "இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்பதுதான் காயிலைக் கொல்கிறது.

லோ வோல்டேஜும் இதே கணக்குதான். 415 வோல்ட் 300 ஆனால் புலமும் குறையும், தூண்டப்படும் மின்னோட்டமும் குறையும். இரண்டும் பெருகுவதால் திருப்புவிசை ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும்.

ஃபேஸைச் சோதிக்க ஸ்டார்ட்டரை ஆஃப் செய்துவிட்டு, உள்வரும் பக்கத்தில் ஃபேஸ்களை இரண்டிரண்டாக, மூன்று ஜோடிகளையும் மல்டிமீட்டரில் பாருங்கள். ஓடும் மோட்டாரில் அளந்தால் ஏமாறுவீர்கள்: போன ஃபேஸிலும் மோட்டாரே வோல்டேஜை உண்டாக்கிக் காட்டும். ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் கருவியான பிரிவென்டர், வோல்டேஜை மட்டும் பார்க்கும் வகையாக இருந்தால், அதுவும் இதனால் ஏமாறக்கூடும். மின்னோட்டத்தைப் பார்க்கும் வகையே நல்லது.

அடிக்கடி டிரிப் ஆகிறது என்று ஓவர்லோட் ரிலேயை (கரண்ட் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் கருவி) கூட்டி வைக்காதீர்கள். நேம்பிளேட் ஆம்பியரே அளவு. ஸ்டாரில் தொடங்கி டெல்டாவுக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே சுருளோடு தொடராக இருந்தால் அதில் 58 சதவீதம்தான்: 7.5 ஆம்பியர் மோட்டாருக்கு சுமார் 4.3.