இஃப் வாக்கியத்தில் ‘வுட்’ மரியாதைக்கு அல்ல

போன வாரமும் இப்படி ஒரு ‘வுட்’ வந்தது. நேர்காணலில் தேறிய ஒரு பெண், என்றைக்கு வேலையில் சேர முடியும் என்று கேட்ட நிறுவனத்துக்குத் தான் எழுதிய பதிலைக் கொண்டுவந்து காட்டினார். “இஃப் தே ரிலீவ்ட் மீ திஸ் மன்த், ஐ வுட் ஜாயின் ஆன் த ஃபர்ஸ்ட்.” இப்போது வேலை பார்க்கும் இடத்தில் இந்த மாதம் விடுவித்தால் ஒன்றாம் தேதி வந்துவிடுவேன் என்று சொல்லத்தான் அவர் நினைத்தார். அதைப் படித்த நிறுவனத்தாரோ, இவரை எங்கே விடப்போகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். போன் செய்து கேட்டால், “வர முடியாது என்று நீங்கள்தானே எழுதியிருந்தீர்கள்” என்றார்களாம்.

ஆங்கிலக் கடிதம் எழுதக் கற்றுத் தருவதும் திருத்தித் தருவதும்தான் என் வேலை. இந்தப் பிழையைப் பார்க்காத வாரமே இல்லை. ஏன் ‘வுட்’ போட்டீர்கள் என்று கேட்டால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: ‘வில்’ என்பதைவிட ‘வுட்’ மரியாதையாக இருக்கும்.

இருக்காது. “வுட் யூ ப்ளீஸ்” என்று ஒருவரிடம் உதவி கேட்கும்போது அது பணிவு. “ஐ வுட் பி க்ரேட்ஃபுல் இஃப் யூ வுட்” என்பதும் அப்படித்தான். இரண்டும் வேண்டுகோள். நீங்கள் செய்யப்போவதை உறுதி சொல்லும் இடம் வேறு. அங்கே இஃப், இறந்தகால வினை, ‘வுட்’ மூன்றும் சேர்ந்தால், ‘இது நடக்கும் என்று எனக்கே தோன்றவில்லை’ என்று பொருள். “இஃப் ஐ கெட் லீவ், ஐ வில் கம்” என்றால் லீவு கிடைக்கலாம், கிடைத்தால் வருவேன். “இஃப் ஐ காட் லீவ், ஐ வுட் கம்” என்றால் லீவாவது கிடைப்பதாவது என்ற பெருமூச்சு. “இஃப் ஐ ஹாட் காட் லீவ், ஐ வுட் ஹாவ் கம்” என்றால் கிடைக்கவில்லை, வரவில்லை, முடிந்துபோனது.

‘காட்’ இறந்தகாலம் ஆயிற்றே, வரப்போகிற லீவுக்கு அது எப்படி என்று கேட்பார்கள். ‘நாளை மழை பெய்தால்’ என்கிறோமே, ‘பெய்தது’ என்பதில் வரும் அதே ‘த்’தானே இதிலும் இருக்கிறது? ‘வந்தால்’, ‘போனால்’ எல்லாம் அப்படித்தான், நாம் குழம்புவதில்லை. வித்தியாசம் வேறு இடத்தில். தமிழில் நடக்கக்கூடியதற்கும் நடக்கவே நடக்காததற்கும் ‘வந்தால்’ ஒன்றே போதும், மிச்சத்தைக் குரல் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் அதை வினையின் வடிவம்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம், “இஃப் ஐ வில் கம்” வேண்டாம். “இஃப் ஐ வுட் ஹாவ் நோன்” வேண்டவே வேண்டாம். ‘அன்லெஸ்’ என்பதற்குள்ளேயே ‘நாட்’ இருக்கிறது. “அன்லெஸ் யூ டோன்ட் பே” என்று எழுதினால், ‘கட்டாவிட்டால்’ என்பது ‘கட்டினால்’ என்று தலைகீழாகிவிடும். ‘இன் கேஸ்’ வந்தால் நிதானியுங்கள். “டேக் ஆன் அம்ப்ரெல்லா இன் கேஸ் இட் ரெயின்ஸ்” என்றால் மழை வந்த பிறகு அல்ல, வரலாம் என்பதற்காக இப்போதே குடையை எடு.

தயவுசெய்து, அனுப்பும் முன் உங்களையே ஒருமுறை கேளுங்கள்: இது நடக்கும் வாய்ப்பு இருக்கிறதா? இருந்தால் இஃப் பக்கம் நிகழ்காலம், மறுபக்கம் ‘வில்’. அந்தப் பெண்ணின் வரியில் நான் மாற்றியது இரண்டே சொற்கள்: “இஃப் தே ரிலீவ் மீ திஸ் மன்த், ஐ வில் ஜாயின் ஆன் த ஃபர்ஸ்ட்.”