செயலி நிறுவனத்துக்கு உத்யம் பதிவு: காசில்லாமல் பதிவது, காசு வசூலிக்க உதவுவது

மதுரையில் சிறு நிறுவனங்களுக்கு வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். மொபைல் செயலி செய்யும் நிறுவனம் தொடங்கப்போகிறேன் என்று வருகிறவர்கள் உட்கார்ந்ததும் கேட்பது, "மானியம் எவ்வளவு கிடைக்கும்?" அடுத்தது, "எனக்கு அனுபவம் குறைவு, பரவாயில்லையா?" வேலையை முடித்துக் கொடுத்த பிறகு வாடிக்கையாளர் பணம் தராவிட்டால் என்ன செய்வது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

திருமங்கலத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு அதுதான் நடந்திருந்தது. கல்லூரி முடித்து இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, தனியாகத் தொழில் தொடங்கியவர். முதல் வாடிக்கையாளர் ஒரு மொத்த ஜவுளி வியாபாரி. ஊர் ஊராகப் போகும் விற்பனையாளர்கள் கைபேசியிலேயே ஆர்டர் பதிய ஒரு செயலி வேண்டும் என்றார். பேசிய தொகை 1,80,000 ரூபாய்; முன்பணம் 60,000. செயலி ஓடத் தொடங்கி எட்டு மாதமாகியும் மீதி வரவில்லை. பொங்கல் கழியட்டும் என்றார், பிறகு ஆடித் தள்ளுபடி முடியட்டும் என்றார். ஒப்பந்தம் எழுதவில்லை, செயலியைக் கொடுத்தது வாட்ஸ்அப்பில், நிறுவனத்துக்கு எந்தப் பதிவும் கிடையாது. கடைசியில் மீதியில் பாதிதான் கைக்கு வந்தது.

முதல் நாளே அவர் செய்திருக்க வேண்டியது அரை மணி நேர வேலை. ஒன்றிய அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் அமைச்சகம் நடத்தும் உத்யம் பதிவு அது. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆதார் எண், பான் எண், ஆதாருடன் இணைத்த கைபேசி, இவ்வளவு போதும். எந்த ஆவணத்தையும் பதிவேற்ற வேண்டாம். நாம் சொல்வதையே ஏற்றுக்கொண்டு சான்றிதழ் தருகிறார்கள். எத்தனை வருட அனுபவம் என்று படிவம் கேட்பதில்லை. முக்கியமாக, கட்டணம் ஒரு பைசாகூடக் கிடையாது. தேடுபொறியில் தேடினால் அரசுத் தளம் போலவே தேசியக் கொடி நிறம் பூசிய தனியார் தளங்கள் மேலே வந்து நிற்கும். இரண்டாயிரம், மூவாயிரம் என்று கேட்கும். பணம் கேட்டாலே அது அரசுத் தளம் இல்லை. முகவரி ஜிஓவி.இன் (gov.in) என்று முடிகிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

2025 ஏப்ரல் 1 முதல் முதலீடு 2.5 கோடி ரூபாய்க்கும் ஆண்டு விற்றுமுதல் 10 கோடி ரூபாய்க்கும் உட்பட்டவை எல்லாம் குறு நிறுவனங்கள். இரண்டு மடிக்கணினியும் ஒரு மேசையும் வைத்திருப்பவர் இந்த வரம்பைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

படிவத்தில் வழுக்கும் இடம் ஒன்றுதான். உங்கள் தொழில் உற்பத்தியா, சேவையா, வணிகமா என்று கேட்கும். செயலியை "விற்கிறோம்" என்பதால் சிலர் வணிகத்தைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். வணிகர்களை 2021 ஜூலையில் உத்யமில் சேர்த்தபோதே, முன்னுரிமைக் கடன் பிரிவில், அதாவது வங்கிகள் கட்டாயமாகக் கடன் ஒதுக்க வேண்டிய துறைகளில், வருவது தவிர அவர்களுக்கு வேறு சலுகை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கீழே நான் சொல்லப்போகும் உரிமை அந்த ஒரு சொடுக்கில் போய்விடும். சேவை என்று தேர்ந்தெடுங்கள். தொழில் வகைக் குறியீட்டில், வாடிக்கையாளருக்காக மென்பொருள் எழுதித் தருகிறவர்களுக்கு 62011. சொந்தச் செயலியை வெளியிடுகிறவர்கள் 5820 பிரிவையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி அந்த உரிமை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு இது: குறு, சிறு நிறுவனத்திடம் பொருளோ சேவையோ வாங்கியவர், எழுத்தில் தவணை பேசியிருந்தால் அந்தத் தவணைக்குள் பணம் தர வேண்டும்; ஆனால் எப்படிப் பேசியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது. 90 நாள் என்று உங்களிடம் கையெழுத்து வாங்கியிருந்தாலும் செல்லாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டுவட்டி. வங்கி வீதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வட்டி 18 சதவீதம். திருமங்கலத்துப் பெண்ணுக்கு வரவேண்டியிருந்த 1,20,000 ரூபாய்க்கு ஆறு மாத வட்டி மட்டும் சுமார் 11,200 ரூபாய் ஆகியிருக்கும்.

வாங்கியவருக்கு வருமான வரியிலும் ஒரு கிடுக்கி இருக்கிறது. 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, குறு, சிறு நிறுவனத்துக்கு உரிய கெடுவுக்குள் தராத தொகையை, பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும். கெடு தாண்டி மார்ச் 31-ம் போய்விட்டால், அந்த ஆண்டு லாபத்தில் அத்தொகை ஏறி நிற்கும். இதைச் சொன்னால் வாங்கியவரின் ஆடிட்டரே அவருக்குத் தொலைபேசியில் நினைவூட்டுவார். நாம் பத்து முறை அழைப்பதைவிட அது வேலை செய்யும். ஒரு எச்சரிக்கை: செயலிக்குக் கொடுத்த தொகையை அவர் செலவாக எழுதாமல் சொத்தாக ஏற்றியிருந்தால் இந்தப் பிடி தளரும். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்துக்குத்தான் இது கச்சிதமாகப் பொருந்துகிறது.

இந்த 15, 45 நாள் கெடு எந்த நாளிலிருந்து எண்ணப்படும் என்பதில்தான் செயலிக்காரர்கள் தோற்கிறார்கள். சேவை கொடுத்த நாளே ஏற்றுக்கொண்ட நாள் என்கிறது சட்டம். கொடுத்து 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் குறை சொன்னால், அந்தக் குறையைத் தீர்த்த நாள் முதல் கணக்கு. நெல் மூட்டை என்றால் இறக்கிய நாள் எல்லோருக்கும் தெரியும். செயலி எப்போது "கொடுக்கப்பட்டது"? அந்த நாளை நாமேதான் உண்டாக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெண்ணின் இரண்டாவது வேலைக்கு, ஒரு பல் மருத்துவமனையின் முன்பதிவுச் செயலி, நாங்கள் அனுப்பிய மின்னஞ்சல் நான்கே வரி:

"ஒப்பந்தத்தில் கண்டபடி செயலியின் 1.0 பதிப்பை இன்று ஒப்படைத்திருக்கிறோம். நிறுவும் கோப்பும் பயன்படுத்தும் முறையும் இணைப்பில் உள்ளன. குறைகள் இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும். பில் எண் 7, எங்கள் உத்யம் எண்ணுடன், இணைப்பில் உள்ளது."

பில்லில் உத்யம் எண்ணை அச்சிடுவது சடங்கு மாதிரி தெரியும். ஆனால் வாங்கியவரின் கணக்குப்பிள்ளை எந்தப் பில்லை முதலில் எடுக்க வேண்டும் என்று பிரிப்பதே அந்த எண்ணைப் பார்த்துத்தான். பணம் 38-ஆம் நாள் வந்தது. சண்டை இல்லை, கெஞ்சல் இல்லை.

வராவிட்டால்? குறு, சிறு நிறுவனங்களுக்கான வசதியாக்கல் மன்றத்தில் இணையவழியிலேயே முறையிடலாம். தமிழ்நாட்டில் சென்னை தவிர கோவை, மதுரை, திருச்சியிலும் மன்றங்கள் உள்ளன. முதலில் சமரசம், அது முறிந்தால் நடுவர் தீர்ப்பு. 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் இழுக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்தபின் எதிர்த்து நீதிமன்றம் போக நினைப்பவர் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். மன்றத்துக்குப் போன வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார் என்பதும் உண்மை. அதனால் பெரும்பாலும் இது உறையில் இருக்க வேண்டிய கத்தி.

வேலையை முடித்த பிறகு பதிந்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பதிவுக்கு முன் கொடுத்த சேவைக்கு இந்தச் சட்டத்தின் பலன் பொருந்தாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. அந்த வழக்காடலுக்குள் நீங்கள் ஏன் போக வேண்டும்? முதல் பில்லுக்கு முன்பே பதிந்துவிடுங்கள்.

அனுபவம் குறைவு என்பவர்களுக்கு உத்யமில் இன்னொரு வாசலும் உண்டு. ஒன்றிய அரசுத் துறைகளின் டெண்டர்களில் குறு, சிறு நிறுவனங்கள் முன்வைப்புத்தொகை, அதாவது டெண்டரில் கலந்துகொள்ளக் கட்டும் பிணைத்தொகை, கட்டத் தேவையில்லை. முன்அனுபவம், முந்தைய விற்றுமுதல் ஆகிய நிபந்தனைகளையும், தரத்தில் குறை இல்லாதவரை, துறைகள் தளர்த்தலாம். தளர்த்தலாம் என்பதுதான் சொல். தளர்த்தியே ஆக வேண்டும் என்பதல்ல. டெண்டர் ஆவணத்தில் அந்த வரி இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு உழைப்பைப் போடுங்கள்.

மானியத்துக்கு வருவோம், எல்லோரும் அதற்குத்தானே வருகிறார்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் சேவைத் தொழிலுக்குத் திட்டச் செலவு வரம்பு 20 லட்சம் ரூபாய். மானியம் பொதுப் பிரிவினருக்கு நகரில் 15 சதவீதம், கிராமத்தில் 25. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்டோருக்கு நகரில் 25, கிராமத்தில் 35. தமிழ்நாடு அரசின் நீட்ஸ் திட்டம் முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கானது. 10 லட்சத்துக்கு மேற்பட்ட திட்டங்களுக்கு 25 சதவீத மானியம், அதோடு 3 சதவீத வட்டிச் சலுகை. இரண்டுக்கும் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம்.

என் அபிப்பிராயம், செயலி நிறுவனத்துக்கு இவை பொருந்தாத சட்டை. மானியம் என்பது கடனின் வால். கடன் இல்லாமல் மானியம் இல்லை. பிரதமர் திட்டத்தின் மானியம் கையில் தரப்படுவதில்லை. வங்கியில் மூன்று வருடம் வைப்பாக இருந்து பிறகுதான் கடனில் கழிகிறது. இயந்திரம் வாங்குபவரை மனத்தில் வைத்து வரைந்த திட்டங்கள் இவை. செயலித் தொழிலில் பெருஞ்செலவு ஆறு மாதம் உட்கார்ந்து எழுதும் ஆளின் சாப்பாடும் வாடகையும். அதற்கு விலைப்புள்ளி வாங்கி இணைக்க முடியாது. கணினி வாங்க மட்டும் கடன் வேண்டுமென்றால் முத்ரா போதும்: சிசு பிரிவில் 50,000 வரை, கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரை, பிணை இல்லாமல்.

அடுத்து, பிரைவேட் லிமிடெட் ஆசை. பெயருக்குப் பின்னால் அது வந்தால் கெளரவம்தான். ஆனால் ஒரு ரூபாய் வரவு இல்லாத ஆண்டிலும் தணிக்கை செய்தாக வேண்டும். ஆண்டுப் படிவங்களைத் தாமதமாகக் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 100 ரூபாய். மறந்துபோய் இரண்டு வருடம் விட்டு வந்தவர்களின் கூட்டுத்தொகையைப் பார்த்து நானே கால்குலேட்டரை மறுபடி தட்டியிருக்கிறேன். ஒற்றை ஆள் என்றால் முதலில் தனிநபர் நிறுவனமாகவே தொடங்குங்கள். இரண்டு நண்பர்கள் என்றால் பங்குதாரர் ஒப்பந்தமோ, எல்.எல்.பி. எனும் வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மையோ. எல்.எல்.பி.யில் விற்றுமுதல் 40 லட்சத்தையோ மூலதனம் 25 லட்சத்தையோ தாண்டும்வரை தணிக்கை இல்லை.

தனிநபர் நிறுவனத்தால் முடியாத ஒன்று, புதுத் தொழில் நிறுவனங்களுக்கு ஒன்றிய அரசு தரும் ஸ்டார்ட்அப் இந்தியா அங்கீகாரம். அது இல்லாமல் தமிழ்நாடு அரசின் டான்சீட் ஆதார நிதியும் கிடைக்காது. 10 லட்சம் ரூபாய் வரை தருகிறார்கள். பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு 15 லட்சம் வரை. பதிலுக்கு அரசு 3 சதவீதப் பங்கு எடுத்துக்கொள்ளும். பிறருக்கு எழுதித் தருவதை நிறுத்தி, சொந்தச் செயலி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வளர்க்கப்போகிறீர்கள் என்றால் அப்போது கம்பெனி பதிவது பொருந்தும்.

செயலிக் கடைகளில் கணக்குத் திறப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. கூகுள் பிளேயில் ஒரே முறை 25 டாலர், ஆப்பிளில் ஆண்டுக்கு 99 டாலர். தனிநபர் பெயரில் புதிதாகத் திறந்த கூகுள் கணக்கில், 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகே செயலியைப் பொதுவில் விட முடியும். நிறுவனக் கணக்குக்கு அந்த நிபந்தனை இல்லை. ஆனால் டன்ஸ் எண், அதாவது நிறுவனங்களை அடையாளம் காட்டும் சர்வதேச எண், கேட்பார்கள். ஆப்பிளில் தனிநபர் நிறுவனத்துக்கு நிறுவனக் கணக்கே கிடையாது, விற்பவர் என்ற இடத்தில் உங்கள் சொந்தப் பெயர்தான் வரும்.

ஜிஎஸ்டி பற்றி ஒரே வார்த்தை. சேவைக்கு ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை, வெளிமாநில வாடிக்கையாளர் இருந்தாலும். ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் வருமானம் அந்த 20 லட்சத்தில் சேராது என்று நினைத்து மாட்டிக்கொள்கிறார்கள். சேரும்.

பின்னாளில் கம்பெனியாக மாறும்போது கவனிக்க வேண்டியது, உத்யம் எண் பான் எண்ணோடு கட்டுண்டது என்பது. கம்பெனிக்குப் பான் புதிது என்பதால் உத்யமும் புதிதாக எடுக்க வேண்டும். பழைய பெயரில் வேலையும் பில்லும் கொடுத்து வரவேண்டிய தொகை நிலுவையில் இருந்தால், அது முழுக்க வசூலாகும்வரை பழைய பதிவை ரத்து செய்யாதீர்கள்.