மேக் எங்கே நின்று தேடுகிறது?

"என் ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டினால் மேக் ஒழுங்காக ஓடுகிறது. இரவில் கிரான் ஓட்டும்போது மட்டும் மேக்ஃபைலே இல்லை என்கிறது. ஏன்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கிரான் என்பது குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் நிரல்.

மேக், 1976-ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய கருவி. கோப்புகள் மாறிய நேரத்தை ஒப்பிட்டு, தேவையானதை மட்டும் மறுபடி கம்பைல் செய்யும், அதாவது ஓடக்கூடிய நிரலாக மாற்றும். அதற்கான குறிப்பெல்லாம் மேக்ஃபைலில் இருக்கும். சரி, அந்த மேக்ஃபைலை எங்கே தேடும்? ஸ்கிரிப்ட் இருக்கும் டைரக்டரியில் (கோப்புகளை வைக்கும் ஃபோல்டரில்) அல்ல, தான் நிற்கும் டைரக்டரியில்.

லினக்ஸில் ஒவ்வொரு ப்ராசஸும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலும், ஏதாவது ஒரு டைரக்டரியில் நிற்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அதை ப்ராசஸ் வாரியாகக் குறித்து வைக்கிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, கெர்னல் பிடித்து வைத்திருப்பது டைரக்டரியின் பெயரை அல்ல, டைரக்டரியையே! ஒரு டெர்மினலில் ஒரு டைரக்டரிக்குள் போய் நில்லுங்கள். இன்னொரு டெர்மினலிலிருந்து அதன் பெயரை மாற்றுங்கள். முதல் டெர்மினலில் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையைக் கொடுத்தால் அதே கோப்புகள் வரும். வீட்டின் கதவு எண்ணை மாற்றினால் உள்ளே இருப்பவர் தெருவுக்கு வந்துவிடுவாரா என்ன?

ஒரு ப்ராசஸ் இன்னொன்றைப் பெற்றால், பிள்ளை தாய் நிற்கும் இடத்திலேயே பிறக்கும். அப்புறம் பிள்ளை எங்கே போனாலும் தாய் நகராது. டைரக்டரி மாற்றும் சிடி கட்டளை, நாம் தட்டுவதை வாங்கி ஓட்டும் ஷெல்லுக்குள்ளேயே இருப்பது இதனால்தான். தனி நிரலாக ஓடினால் அது மட்டும் இடம் மாறிவிட்டு முடிந்துபோகும். மேக்ஃபைலில் ஒரு வரியில் போட்ட சிடி அடுத்த வரியில் செல்லாமல் போவதற்கும் இதுவே காரணம். மேக் வழக்கமாக வரிக்கு ஒரு புது ஷெல்லைத் தொடங்குகிறது.

வாசகி கையால் ஓட்டும்போது ப்ராஜெக்ட் டைரக்டரியில் நின்றிருப்பார். கிரான் அவருடைய ஹோம் டைரக்டரியிலிருந்து ஓட்டும். மேக்குக்கு ஹைஃபன் போட்டுப் பெரிய சி எழுத்தும் ப்ராஜெக்டின் முழுப் பாதையும் கொடுத்தால் போதும். மேக் முதலில் அங்கே போய் நின்றுகொண்டு, பிறகுதான் மேக்ஃபைலைத் திறக்கும். சிறிய எஃப் கொடுப்பது வேறு. மேக்ஃபைல் கிடைத்துவிடும், நிற்கும் இடம் மாறாது. அதில் பாதையில்லாமல் எழுதிய கோப்புகளை ஹோமில் தேடித் தோற்கும்.

"சர்வரில் சில நாள் அப்படித்தான், இன்னொரு தடவை ஓட்டிப் பார்" என்று அனுபவசாலிகளே சொல்லக் கேட்டிருக்கிறேன். இது சகுனம் பார்ப்பதைப் போன்றதுதான். நம் வகுப்புகளில் கட்டளைகளை மனப்பாடம் செய்ய வைப்பதற்கு முன், ஒரு மணி நேரம் இந்த டைரக்டரி விஷயத்தைச் சொல்லிக்கொடுக்கலாம்.

பெரிய சி கொடுத்ததும் குனு மேக், எந்த டைரக்டரிக்குள் நுழைகிறது, எதிலிருந்து வெளியேறுகிறது என்று இரண்டு வரி அச்சிடும். அதை அணைத்துவிடாதீர்கள். பிழை வந்த கோப்பு எங்கே இருக்கிறது என்பதை ஈமாக்ஸ் எடிட்டர் அந்த வரியைப் படித்துத்தான் கண்டுபிடிக்கிறது. வாசகியும் நாளைக் காலை லாகில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.