பொறித்தெய்வம்: ஓட்டையை அடைக்க வானத்திலிருந்து வருகிறவர்

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்றாம் படத்தின் கடைசியில் எரிமலை வெடிக்கிறது, சுற்றிலும் நெருப்புக் குழம்பு ஓடுகிறது, நடுவே ஒரு பாறையில், தீய மோதிரத்தை அந்த எரிமலையில் போட்டு அழிக்க நடந்தே வந்த ஃப்ரோடோவும் சாமும் சாகக் கிடக்கிறார்கள், கழுகுகள் வந்து தூக்கிக்கொண்டு போகின்றன. அப்போதுதான் அந்தக் கேள்வி வரும். இந்தக் கழுகை முதலிலேயே கூப்பிட்டிருந்தால் மோதிரத்தை ஒரே நாளில் எரிமலையில் போட்டுவிட்டு வந்திருக்கலாமே? என் அண்ணன் மகளும் இதைத்தான் கேட்டாள். கேட்டதோடு விடாமல், "இது பிளாட் ஹோலா, டியூஸ் எக்ஸ் மகினாவா சித்தப்பா? ரெண்டுக்கும் தமிழில் என்ன?" என்றாள். கதையின் தர்க்கத்தில் விழும் ஓட்டை பிளாட் ஹோல்; முடிச்சில் மாட்டிக்கொண்ட கதையை வெளியிலிருந்து திடீரென்று ஒருவர் வந்து காப்பாற்றுவது டியூஸ் எக்ஸ் மகினா. என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அதனால் தேடிப் பார்த்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த லத்தீன் தொடர். டியூஸ் என்றால் கடவுள், எக்ஸ் என்றால் இருந்து, மகினா என்றால் பொறி. பொறியிலிருந்து கடவுள். சொற்கள் லத்தீன் என்றாலும் சங்கதி கிரேக்கத்துடையது. கிரேக்கர்கள் அந்தப் பொறியை 'மெக்கானே' என்றார்கள்; நாம் இன்று சொல்லும் மெஷின், மெக்கானிக் எல்லாம் அந்த வேரிலிருந்து வந்தவைதான்.

அந்த மெக்கானே நிஜமாகவே இருந்த ஒரு சாதனம். கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில், மேடைக்குப் பின்னால் இருந்த கட்டடத்தின் மறைவில் மரத்தாலான ஒரு தூக்குப் பொறியை நிறுத்தியிருந்தார்கள். நம் ஊர் ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு அதைக் கற்பனை செய்வது எளிது. கயிற்றில் நடிகரைக் கட்டித் தூக்கினால் அவர் கூரைக்கு மேலே வானத்திலிருந்து வருவது போலத் தெரிவார், அவர்தான் கடவுள். கி.மு. 421இல் மேடையேறிய அரிஸ்டோஃபனீஸின் ஒரு நகைச்சுவை நாடகத்தில், நாயகன் ராட்சதச் சாணி வண்டின் மேல் உட்கார்ந்து தேவலோகத்துக்குப் பறக்கிறான். பாதி வழியில் பயந்துபோய், பொறியை இயக்குகிற ஆளைப் பார்த்து "கவனமாகப் பிடி அப்பா" என்று கெஞ்சுகிறான். அந்தரத்தில் தொங்குகிறவனின் உயிர் கீழே கயிறு பிடிக்கிறவன் கையில் இருந்தது என்பதைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அறிந்திருந்தார்கள்.

இந்தப் பொறியை மிகவும் விரும்பியவர் யூரிப்பிடீஸ். கி.மு. 408இல் அரங்கேறிய அவருடைய 'ஒரெஸ்டீஸ்' நாடகத்தின் முடிவைப் பாருங்கள். நாயகன் ஹெர்மியோனே என்ற பெண்ணின் கழுத்தில் வாளை வைத்துக்கொண்டு நிற்கிறான், அரண்மனைக்குத் தீ வைக்கப் போகிறார்கள், யாராலும் எதையும் தடுக்க முடியாது. அப்போது அப்பல்லோ மேலே தோன்றி, நிறுத்துங்கள் என்று சொல்லி, அந்தப் பெண்ணையே நீ மணந்துகொள் என்று தீர்ப்பும் கொடுத்துவிடுகிறார். எல்லாரும் சரி என்கிறார்கள். நாடகம் முடிந்தது.

இது அந்தக் காலத்திலேயே கண்ணை உறுத்தியிருக்கிறது. அரிஸ்டாட்டில் தன் 'கவிதையியல்' நூலில், கதையின் முடிச்சு அந்தக் கதையிலிருந்தே அவிழ வேண்டும், பொறியைக் கொண்டு அவிழக் கூடாது என்று எழுதினார். உதாரணமாக யூரிப்பிடீஸின் 'மெடியா'வைத்தான் காட்டினார். பெற்ற பிள்ளைகளைக் கொன்ற மெடியா, சூரியதேவன் அனுப்பிய, அதுவரை கதையில் பேச்சே இல்லாத ரதத்தில் ஏறித் தப்பிவிடுகிறாள் இல்லையா, அது. பிறகு ரோமானியக் கவிஞர் ஹொரேஸ் கொஞ்சம் இளகி, கடவுள் வந்துதான் தீர வேண்டிய அளவுக்கு முடிச்சு இருந்தால் வரட்டும், இல்லாவிட்டால் வேண்டாம் என்றார்.

எனக்கு மிகவும் பிடித்தது பிளேட்டோவின் 'கிராட்டிலஸ்' உரையாடலில் வரும் இடம். அது சொற்கள் எப்படிப் பிறந்தன என்று பேசும் நூல். முதல் சொற்களுக்கு மூலம் என்ன என்று சொல்ல முடியாமல் திணறும்போது சாக்ரடீஸ் சொல்கிறார்: திண்டாடும் நாடகக் கவிஞர்கள் பொறியில் தெய்வத்தைத் தூக்குவது போல, நாமும் 'முதல் சொற்களைத் தெய்வங்கள் கொடுத்தன' என்று சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் அது சாக்குப்போக்கு. சொல்லாராய்ச்சி செய்கிற எல்லாரும் மனதில் வைத்திருக்க வேண்டிய எச்சரிக்கை இது, நான் உட்பட.

சரி, தமிழுக்கு வருவோம். 'தெய்வாதீனமாக' என்ற சொல் நம்மிடம் இருக்கிறதே என்று தோன்றும். தெய்வாதீனமாகத் தப்பித்தேன் என்று சொல்லும்போது அதில் நன்றியும் பக்தியும் இருக்கின்றன, கதாசிரியரைக் குறை சொல்லும் தொனி அதில் துளியும் இல்லை. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்போம், அது தற்செயலை மட்டும் சொல்கிறது. இங்கே பழத்தை வேண்டுமென்றே ஒருவர் தள்ளிவிடுகிறார். 'இயந்திரத்திலிருந்து கடவுள்' என்று அப்படியே பெயர்த்தால் பொருள் சரிதான், ஆனால் ஒரு வாக்கியத்தில் எடுத்துப் பயன்படுத்த முடியாத நீளம்.

என் தேர்வு பொறித்தெய்வம். பொறி என்பது இயந்திரத்துக்கு நம்முடைய பழைய சொல், எலிப்பொறி என்னும்போது சிக்கவைப்பது என்ற பொருளும் சேர்ந்து வருகிறது. பொறித்தெய்வத்தைக் கூப்பிடுகிற ஆசிரியர் பெரும்பாலும் அதிலேயே சிக்கிக்கொள்வதால் அந்த இரண்டாம் பொருளும் இங்கே பொருந்துகிறது. எப்படிச் சிக்குகிறார் என்று கீழே சொல்கிறேன்.

அதற்கு முன், பொறி ஏறித் தப்பிக்கும் பாத்திரம் நம் காப்பியத்திலேயே இருக்கிறாள் என்பதை நினைவுபடுத்த வேண்டும். சீவக சிந்தாமணியில் விசயை. அமைச்சன் கட்டியங்காரன் அரண்மனையை வளைத்துக்கொள்கிறான், அரசன் சச்சந்தன் போரிட்டுச் சாகப் போகிறான், நிறைமாதக் கர்ப்பிணியான அரசி மயிற்பொறியில் ஏறிப் பறந்து தப்புகிறாள். மேலோட்டமாகப் பார்த்தால் மெடியாவின் ரதம் மாதிரியே இருக்கிறது. ஆனால் திருத்தக்கதேவர் என்ன செய்திருக்கிறார் பாருங்கள். விசயை முன்பே தீய கனவு காண்கிறாள், அசோக மரம் விழுவதாக. அதன் பொருள் தன் சாவு என்று சச்சந்தனுக்குப் புரிகிறது. தச்சனைக் கூப்பிட்டுப் பறக்கும் மயிலைச் செய்யச் சொல்கிறான். வலப்பக்கம் திருகினால் மேகத்தைக் கிழித்துக்கொண்டு ஏறும், இடப்பக்கம் திருகினால் இறங்கிக் காலைக் குவித்து உட்காரும் என்று அதன் இயக்கத்தையும் பாடலிலேயே சொல்லிவிடுகிறார். அரசி அதை ஓட்டிப் பழகியும் இருக்கிறாள். அதனால் ஆபத்து வரும் நேரத்தில் மயில் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை, அவள் ஏறிப்போக மாட்டேன் என்று அழுவதும் கணவன் அனுப்பி வைப்பதும்தான் நம்மைப் பிடித்துக்கொள்கின்றன. பொறி இருக்கிறது, பொறித்தெய்வம் இல்லை. ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழைய இந்தப் பாடல்களைத் திரைக்கதை எழுதப் பழகுகிறவர்களுக்குப் பாடமாக வைக்கலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்புறம் கழுகு. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' புத்தகத்தில், எதிரியாகிவிட்ட சாருமானின் கோபுரத்து உச்சியில் சிறைப்பட்ட மந்திரவாதி கேண்டால்ஃபை குவைஹிர் என்ற கழுகு வந்து மீட்கிறது. அது சும்மா வரவில்லை. பறவைகளிடமும் விலங்குகளிடமும் சொல்லிவைத்து, கிடைக்கிற செய்தியை அந்தக் கோபுரத்துக்கு அனுப்பு என்று ராடகாஸ்ட் என்ற இன்னொரு மந்திரவாதியிடம் கேண்டால்ஃபே முன்னால் கேட்டிருந்தார். அந்தச் செய்தியோடுதான் கழுகு வருகிறது. வந்ததும், நான் செய்தி சுமக்க அனுப்பப்பட்டவன், சுமை சுமக்க அல்ல என்கிறது. வெகுதூரம் கொண்டுபோவேன், ஆனால் உலகத்தின் எல்லைவரை போக மாட்டேன் என்றும் சொல்லிவிடுகிறது. 2001இல் வந்த படத்தில் ராடகாஸ்ட் இல்லை. கேண்டால்ஃப் ஒரு அந்துப்பூச்சியைப் பிடித்து அதனிடம் ஏதோ முணுமுணுக்கிறார், பிறகு கழுகு வந்துவிடுகிறது. காட்சி அழகுதான். ஆனால் காரணமும் போயிற்று, எல்லையும் போயிற்று. பூச்சியிடம் சொன்னாலே கழுகு வரும் என்றால் ஏன் எப்போதும் சொல்லக் கூடாது? ஒரு மீட்பிலிருந்து ஒரு ஓட்டை பிறந்துவிட்டது.

இந்த ஆபத்து புத்தகத்தை எழுதிய டோல்கினுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. 1958இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு திரைக்கதை வரைவில் கழுகுகளை இஷ்டத்துக்குப் பறக்கவிட்டிருந்தார்கள். அவர் கோபத்தோடு எழுதிய பதிலில், கழுகுகள் ஆபத்தான ஒரு 'மெஷின்' என்றும், தான் அவற்றை அளந்துதான் பயன்படுத்தியிருப்பதாகவும், நம்பகத்தின் எல்லை அதுவே என்றும் சொன்னார். மெஷின் என்ற சொல்லைக் கவனியுங்கள், அந்தப் பழைய தூக்குப் பொறியேதான். ஹாபிட்டுகளின் ஊரான ஷயரிலேயே கழுகு வந்து இறங்கினால், பிறகு கேண்டால்ஃப் சிறைப்பட்டதை யார் நம்புவார்கள் என்றும் கேட்டார். மேலே சிக்குவது என்று சொன்னேனே, அது இதுதான்: எங்கும் வரக்கூடிய உதவி, வராமல் போன இடத்தையெல்லாம் ஓட்டை ஆக்கிவிடுகிறது.

2003 படத்தின் ஆவிப்படையும் அப்படித்தான். புத்தகத்தில் அராகார்ன் அந்த இறந்தோர் படையை பெலார்கிர் துறைமுகத்தில் எதிரிக் கப்பல்களைப் பிடிக்க மட்டும் பயன்படுத்தி, அங்கேயே விடுவித்துவிடுகிறான். பெரும் போர் நடக்கும் மினாஸ் டிரித் நகரத்துக்கு அந்தக் கப்பல்களில் வந்து சண்டை போடுகிறவர்கள் உயிருள்ள மனிதர்கள், அதில் பலர் சாகிறார்கள். படத்திலோ பச்சை நிற ஆவிகள் வெள்ளம் போல வந்து போர்க்களத்தைச் சில நிமிடங்களில் துடைத்துவிடுகின்றன. சற்று முன்னால்தான் ரோஹன் மன்னர் தன் குதிரைப்படையோடு சாவை நோக்கிப் பாய்ந்ததைப் பார்த்து நான் அழுதிருந்தேன். அந்தச் சாவுக்கு என்ன மதிப்பு மிஞ்சியது? எனக்கு இது கழுகுகளைவிடப் பெரிய குறை.

இனி பிளாட் ஹோல். ஆங்கிலத்தில் பிளாட் என்பதற்கு முதலில் துண்டு நிலம் என்றுதான் பொருள், மனை வாங்கும்போது நாம் இன்றும் சொல்கிற அதே பிளாட். நிலத்திலிருந்து நிலத்தின் வரைபடம், வரைபடத்திலிருந்து திட்டம், திட்டத்திலிருந்து கதையின் திட்டம் என்று பொருள் நகர்ந்தது. நாம் கதையை நிலமாகப் பார்க்கவில்லை, பின்னலாகப் பார்த்து 'கதைப்பின்னல்' என்கிறோம். பேச்சில் 'லாஜிக் ஓட்டை', 'கதையில் ஓட்டை' எல்லாம் புழக்கத்தில் இருக்கின்றன, அவற்றை மாற்றத் தேவையே இல்லை. எழுத்தில் ஒரு கலைச்சொல் வேண்டுமென்றால் 'கதை வழு' என்பேன். வழு நம் இலக்கணச் சொல். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று ஏழு வகை வழுவை நம் இலக்கணிகள் பிரித்து வைத்திருக்கிறார்கள், அந்தப் பிரிவு கதைக்கும் உதவுகிறது. 2017இல் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' ஏழாம் பருவத்தில், பனிச்சுவருக்கு அப்பால் உறைந்த ஏரி நடுவே சிலர் மாட்டிக்கொள்ள, ஒருவன் சுவர்வரை ஓடி, அங்கிருந்து காக்கை தெற்கே பறந்து, அரசி டிராகன்களோடு வடக்கே வந்து சேர்ந்துவிடுகிறாளே, அது சுத்தமான கால வழு. அதே காட்சி முடிவதற்குள், பின்தங்கிவிட்ட ஜான் ஸ்நோவை மீட்க அவனுடைய சித்தப்பா குதிரையில் எங்கிருந்தோ வந்து நிற்பது பொறித்தெய்வம். முதல் பருவங்களில் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போக அத்தியாயக் கணக்கில் நடந்தார்கள் என்பதால்தான் இந்த வேகம் அவ்வளவு வலித்தது.

வழு என்ற சொல்லை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம், அதன் பின்னாலேயே வரும் 'வழுவமைதி'. குற்றம்தான், ஆனால் காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்வோம் என்பது. பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்றால் திணை வழு. ஆனால் உவப்பினால் அப்படிச் சொன்னால் இயல்பே என்கிறது நன்னூல். மகிழ்ச்சி இலக்கணத்தை மீறலாம்.

டோல்கின் 1939இல் நிகழ்த்திய ஒரு சொற்பொழிவிலிருந்து உருவாகி 1947இல் அச்சான கட்டுரையில் இதற்கென்றே ஒரு சொல்லை உண்டாக்கினார்: யூகடாஸ்ட்ரஃபி. 'யூ' என்றால் நல்ல, 'கடாஸ்ட்ரஃபி' என்றால் கவிழ்வு. எல்லாம் போயிற்று என்னும் நேரத்தில் திடீரென்று கதை நல்ல பக்கம் திரும்பி, கண்ணில் நீர் வரவைக்கும் அந்தக் கணம். தமிழில் நற்றிருப்பம் என்று சொல்லலாம். 'ஹாபிட்' கதையில் "கழுகுகள் வருகின்றன" என்று நாயகன் பில்போ கத்தும் இடத்தைப் பின்னாளில் படித்தபோது தனக்கே அந்த உணர்வு வந்ததாக 1944இல் மகனுக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். ஆபத்தான மெஷினும் அதே கழுகுதான், நற்றிருப்பமும் அதே கழுகுதான்.

அண்ணன் மகளுக்கு நான் சொன்ன பதில் இதை வைத்துத்தான். எரிமலையில் கழுகு வரும்போது முடிச்சு அவிழ்ந்து முடிந்திருந்தது. ஃப்ரோடோ கடைசி நொடியில் தோற்றுப்போனான். மோதிரம் அழிந்தது, முன்பு பில்போவும் பிறகு ஃப்ரோடோவும் கொல்லாமல் விட்ட, மோதிரத்துக்கு அடிமையான கோலம் (Gollum) என்ற பிராணி அதைப் பறித்துக்கொண்டு நெருப்பில் விழுந்ததால். போரைக் கழுகு ஜெயித்துத் தரவில்லை, சாகக் கிடந்த இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு வந்தது. அதனால் அது உவப்பு வழுவமைதி. முதலிலேயே ஏன் கூப்பிடவில்லை என்ற கேள்வியோ தனி. மோதிரத்தை என்ன செய்வது என்று எல்லாரும் கூடிப் பேசும் எல்ரோண்டின் சபையில் யாராவது ஒருவர் அதைக் கேட்டு, இன்னொருவர் மறுத்திருக்க வேண்டும். கேட்கவில்லை. அது கதை வழுதான், ஒப்புக்கொண்டேன்.

அவளுக்குச் சிந்தாமணிக் கதையையும் சொன்னேன். மயில் சுடுகாட்டில் இறங்குகிறது, அங்கேயே விசயை சீவகனைப் பெறுகிறாள், தனியாக அழுகிறாள். அப்போது ஒரு தெய்வம் அவளுடைய தோழி சண்பகமாலையின் வடிவில் வந்து ஆறுதல் சொல்லி, பிள்ளையை வளர்க்க ஒருவன் வருவான் என்று தேற்றி, அவளைத் தவப்பள்ளிக்கு அழைத்துப் போகிறது. "மயில் சரி சித்தப்பா, இந்தத் தெய்வம் பொறித்தெய்வம்தானே?" என்றாள். அரசு போய், கணவன் போய், ஈன்ற உடம்போடு பிணங்களுக்கு நடுவே கிடக்கிற ஒருத்தியிடம் தெரிந்த முகத்தோடு ஒருவர் வந்து உட்கார்வதை அந்தப் பெயரால் அழைக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் விடுவதாக இல்லை.