குரல்வளையை எடுத்தவருக்கு அரசு வேலை போகுமா? சட்டம் சொல்வது இதுதான்

தொண்டைப் புற்றுநோய்க்காகக் குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டால், சட்டப்படி அவர் மாற்றுத்திறனாளி. ஆபரேஷனுக்குக் காப்பீட்டில் எவ்வளவு கிடைக்கும் என்று சொல்ல மருத்துவமனையில் நாலு பேர் இருப்பார்கள். இதைச் சொல்லத்தான் ஆள் குறைவு.

1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இருந்தன. பேச்சுக் குறைபாடு அதில் தனியாக இல்லை. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ள மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அதை 21 ஆக்கியது. அதன் அட்டவணையில் பேச்சு, மொழிக் குறைபாட்டுக்கு எடுத்துக்காட்டாகக் குரல்வளை அகற்றமே பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே, 'இதெல்லாம் ஊனத்தில் வராதுங்க' என்று யாராவது திருப்பி அனுப்பினால், அட்டவணையைக் காட்டுங்கள்.

தொண்டைப் புற்றுநோய் வந்த எல்லாருக்கும் இது பொருந்தாது. ஆரம்ப நிலையில் கதிர்வீச்சு அல்லது லேசர் சிகிச்சையிலேயே பலருக்குக் குரல் தப்பிவிடும். முழுக் குரல்வளையையும் எடுக்கும்போதுதான் மூச்சுக்குழாயைக் கழுத்தின் முன்புறத் துளையோடு நிரந்தரமாக இணைக்கிறார்கள். அதன்பின் மூச்சு மூக்கு வழியே போகாது, அந்தத் துளை வழியேதான். தொண்டைப் புண் ஆறும்வரை, சாதாரணமாக ஓரிரு வாரம், மூக்குக் குழாயில் நீராகாரம். பிறகு பேச்சுப் பயிற்சி. சிலர் உணவுக்குழாய்க் காற்றைக் கொண்டு பேசப் பழகுவார்கள்; சிலருக்குக் கழுத்தில் வைத்துப் பேசும் பேட்டரிக் கருவி; சிலருக்கு மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே சிறு வால்வு பொருத்துவார்கள். வால்வைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பேச்சு ஓரளவு திரும்பும், பழைய குரல் திரும்பாது.

வகுப்பில் பாடம் நடத்தும் ஆசிரியருக்கும், பேருந்தில் நிறுத்தம் சொல்லும் நடத்துநருக்கும் இங்கேதான் வயிற்றில் புளி கரைக்கும். 'இனி உங்களால் முடியாது, விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிடுங்கள்' என்று அலுவலகத்தில் நல்லெண்ணத்தோடே சொல்வார்கள். கையெழுத்துப் போடும் முன் அந்த 2016 சட்டத்தின் 20(4)-ஆம் பிரிவைப் படியுங்கள். பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்ட ஊழியரை அரசு நிறுவனம் வேலையைவிட்டு நீக்கவும் கூடாது, பதவி இறக்கவும் கூடாது. பழைய வேலை முடியாதென்றால், அதே சம்பள விகிதம், அதே பணிப் பலன்களோடு வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அப்படி ஒரு பணியிடமே இல்லையென்றால், கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயது வரும்வரை, இவற்றில் எது முந்தியதோ அதுவரை, கூடுதல் பணியிடம் உருவாக்கி அதில் வைத்திருக்கலாம் என்கிறது சட்டம். தானே எழுதிக் கொடுத்து வெளியேறியவருக்கு இதைக் கோருவது மிகவும் கடினம்.

'அரசு நிறுவனம்' என்றால் தலைமைச் செயலகம் மட்டும் இல்லை. உள்ளாட்சிகள், அரசு கம்பெனிகள், அரசு உதவி பெறும் அமைப்புகள் எல்லாம் அதில் அடக்கம். போக்குவரத்துக் கழகமும் அரசு உதவி பெறும் பள்ளியும் தப்ப முடியாது. தனியார் வேலைக்கு இந்தப் பிரிவின் பாதுகாப்பு கிடையாது. என்னைக் கேட்டால், சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான்.

இதற்கெல்லாம் கையில் சான்று வேண்டும். யுடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். ஆதார், புகைப்படம், சிகிச்சை விவரங்கள் தேவை. மாவட்டத்தில் இதற்கென அறிவிக்கப்பட்ட அரசு மருத்துவமனையில் பரிசோதித்துக் குறைபாட்டின் சதவீதத்தை முடிவு செய்வார்கள். ஆபரேஷன் குறிப்பும் டிஸ்சார்ஜ் சம்மரியும் கட்டாயம் எடுத்துப் போங்கள். 'முழுக் குரல்வளை அகற்றம்' என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் பல சலுகைகள் திறக்கும். உதாரணமாக, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடஒதுக்கீடு. ஆனால் புதிதாக அரசு வேலைக்குப் போவோருக்கான 4 சதவீத ஒதுக்கீட்டில் பேச்சுக் குறைபாடு மட்டும் உள்ளவர் வரமாட்டார். இருக்கிற வேலையைக் காக்கும் 20(4) வேறு, இந்த ஒதுக்கீடு வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு 'உனக்கு எதுவும் இல்லை' என்பவர்கள் உண்டு.

ரயில் சலுகையிலும் இப்படி ஒரு சிக்கல். பேச்சுக் குறைபாட்டைப் பொறுத்தவரை மாற்றுத்திறனாளிச் சலுகை, காதும் கேட்காமல் வாயும் பேச முடியாதவருக்குத்தான். காது கேட்கிற நம் ஆளுக்கு அது கிடைக்காது. புற்றுநோயாளிச் சலுகையைக் கேளுங்கள். சிகிச்சைக்கும் தொடர் பரிசோதனைக்கும் போகும்போது ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி வகுப்புகளில் நோயாளிக்குக் கட்டணமே இல்லை, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. சிகிச்சை தரும் மருத்துவமனை ரயில்வேயின் படிவத்தில் சான்று தர வேண்டும்.

வேலை விஷயத்தில் அலுவலகம் இழுத்தடித்தால், வாய்மொழியாக மன்றாட வேண்டாம். மாற்றுப் பணி கேட்டு, 20(4)-ஐக் குறிப்பிட்டு, சான்றின் நகலை இணைத்துக் கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஒவ்வொரு அரசு நிறுவனமும் 23-ஆம் பிரிவின்படி ஒரு குறைதீர் அலுவலரை நியமித்திருக்க வேண்டும். முதல் புகார் அவரிடம். அங்கே தீரவில்லையென்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் எழுதலாம். மத்திய அரசு ஊழியர் என்றால் டெல்லியில் உள்ள தலைமை ஆணையரிடம்.