"கொப்பி டி டிரைவில இருக்குத் தம்பி"

போன கிழமை பரந்தன் பக்கம் ஒரு உரக்கடை. பின்னேர இடியோடு கரண்ட் போய்த் திரும்பி வந்தபோது கொம்பியூட்டர் வரவில்லை. பெட்டியைத் திறந்தால் கருகல் மணம், ஹார்ட் டிஸ்க்கும் போய்விட்டது. கடைக்கார ஐயா பதறவே இல்லை. "கொப்பி டி டிரைவில இருக்குத் தம்பி, எடுத்துத் தாரும்" என்றார். இந்த வருஷம் இதை நான் கேட்பது நாலாவது தடவை.

ஐயாமாரே, உங்கள் கடைகளில் இருப்பது பெரும்பாலும் ஒரே டிஸ்க். சி, டி என்பது அதற்குள் போட்ட கோடு. காணி உறுதியை முன்னறையிலும் அதன் பிரதியைப் பின்னறையிலும் வைத்தால், வீடு எரிகிறபோது எது மிஞ்சும்? உறுதி தொலைத்து கச்சேரிக்கு அலைந்த சனம் நாங்கள், எங்களுக்கா இதைச் சொல்ல வேண்டும்! சரி, இரண்டு டிஸ்க் போட்டிருக்கிறோம் என்பீர்கள். ஒரே பெட்டிக்குள் இருந்தால் மின்னலுக்கு அதுவும் இதுவும் ஒன்றுதான்.

"பில் அடிக்கிற மெஷின்தானே" என்கிறார்கள். பில்லைக் கையாலும் எழுதலாம். காலபோக விதைப்புக்குக் கடனாகப் போன உரமும் மருந்தும் யார் கணக்கில், எந்த மருந்துக்கு எப்போது திகதி முடிகிறது, சிறுபோகத்துக்கு எவ்வளவு ஓடர் போடலாம், எல்லாம் அதற்குள்தான். தை மாசியில் வெட்டு முடிந்து காசு வரும்போது எதை வைத்துக் கேட்பீர்கள்?

கடை பூட்டும்போது பென் டிரைவில் கொப்பி எடுங்கள், கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். செருகியபடி விட்டால், ஃபைல்களைத் திறக்க முடியாமல் பூட்டுகிற வைரஸ் வரும்போது அதையும் சேர்த்துப் பூட்டும். இரண்டு பென் டிரைவை மாற்றி மாற்றிப் பாவித்தால் இன்னும் நல்லது. மாதம் ஒருக்கால் அந்தக் கொப்பியை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். ஒரு மில்லில் நாலு மாதமாக ஒழுங்காக எடுத்திருந்தார்கள், நான் பார்த்தால் ஒவ்வொரு ஃபைலும் 0 கேபி, உள்ளே ஒன்றுமில்லை. கரண்ட் போனால் தாங்குகிற யூபிஎஸ் பெட்டி இருக்கிறதென்று மின்னலோடு விளையாடாதீர்கள், பிளக்கோடு ரவுட்டர் வயரையும் கழற்றுங்கள். பெட்டியைத் தரையில் வைக்கவும் வேண்டாம், 2018 மார்கழி வெள்ளம் அதற்குள் மறந்துபோச்சா?

டிஸ்க்கைக் கொழும்புக்கு அனுப்பியிருக்கிறோம், நம்பிக்கை கொடுக்கவில்லை. ஐயாவின் மகன் எழுதுகிற கொப்பி ஒன்றோடு, கடன் கணக்குக் கேட்டு வீடு வீடாகப் போகிறான். ஒரு அம்மா தானாகவே கடைக்கு வந்து "எனக்குப் பன்னிரண்டு பை, எழுதுங்கோ" என்றாராம். மற்ற ஆட்கள் இன்னும் "சிஸ்டத்தில பார்த்துச் சொல்லுங்கோ" என்கிறார்கள்.